அப்பாதுரை விண்டோஸை மறந்தார்

இனிமேல் ஜென்மத்துக்கும் விண்டோஸைத் தொடுவதில்லை என்று அப்பாதுரை முடிவு செய்தது பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில். ரெண்டாயிரத்து அஞ்சு டிசம்பர், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கம்பெனி பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. முன்னால் லாரி. பின்னால் லாரி. பக்கத்தில் ஒரு கல்யாண வேன். வேனுக்குள் மாப்பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். பாவம், நிம்மதியாகத் தூங்குகிற கடைசித் தூக்கம், யாரும் எழுப்பாமல் இருக்கட்டும் என்று அப்பாதுரை மனசார வேண்டிக்கொண்டார்.

அவருக்கும் வேண்டியிருந்தது அதுதான். பெரிய ஆசை எதுவும் கிடையாது. பங்களா கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. வாரம் பூராவும் மர்பி டவுனிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் ஓசூர் ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போய்வருகிற மனுஷனுக்கு, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு ஹாலில் பாயைப் போட்டு மத்தியானம் ஒரு தூக்கம். அவ்வளவுதான் கேட்டார். அந்தத் தூக்கம் அவர் கண்ணில் பட்டு வருஷக்கணக்காகிறது.

ஏன் என்றால், அவர் கம்ப்யூட்டர் இன்ஜினீயர். பெண்டாட்டி மரகதத்தின் சொந்தக்காரர்கள் மத்தியில் அவருக்கு அப்படிப் பேர்.

நிஜத்தில் அவர் ரப்பர் கேஸ்கெட் செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். குக்கர் மூடியிலும் பம்புசெட்டிலும் கசியாமல் இருக்க வைக்கிறார்களே, அந்த வளையம். எத்தனை வளையம் உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது என்று பார்ப்பது அவர் வேலை. முதலில் கம்பெனி பீன்யாவில் இருந்தது. அப்புறம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் மொய்க்கிற எலக்ட்ரானிக் சிட்டிக்கு மாறியது. வளையம் மாறவில்லை, அப்பாதுரை மாறவில்லை, சம்பளமும் மாறவில்லை. ஆனால் ஆனேக்கலில் நடந்த ஒரு கல்யாணத்தில் மரகதம் வாயைத் திறந்து, "அவருக்கு இப்ப எலக்ட்ரானிக் சிட்டியில வேலை" என்றாள்.

பொய்யில்லை. அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அடுத்த நிமிஷம் அப்பாதுரைக்கு ஃபேனுக்குக் கீழே நாற்காலி வந்தது. பந்தியில் உட்கார்ந்தபோது இலையில் கூடுதலாக ஒரு ஒப்பட்டு, அதாவது போளி, விழுந்து, அதன் தலையில் நெய்யும் விழுந்தது. மரகதத்தின் சித்தி மகன் உமேஷ் பக்கத்தில் வந்து குனிந்து, "மாமா, என் கடையில கம்ப்யூட்டர் அடிக்கடி நின்னுபோகுது, நீங்க ஒரு தடவை வந்து பாக்கணும்" என்று கையைப் பிடித்தான். அப்போதே அப்பாதுரை உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் ஒப்பட்டு இருந்தது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது பேஜார். அத்திபெலேயில் உமேஷின் ஜெராக்ஸ் கடை. ஆனேக்கலில் மரகதத்தின் பெரியம்மா மகள் லட்சுமம்மாவின் வீடு. ஹெப்பகோடியில் இன்னொரு உறவுப்பெண் மமதா வைத்திருக்கிற பியூட்டி பார்லர். கண்டவன் கொண்டுவருகிற ஃப்ளாப்பியைச் செருகி, கண்ட வைரஸை வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று பேரும் முறை போட்டுக் கூப்பிடுவார்கள். மூன்று இடத்துக்கும் எந்த வழியாகப் போக வேண்டும்? அதே ஓசூர் ரோடு! ஞாயிறு காலையில் மரகதம் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்பாள். அப்பாதுரை ஆணியில் மாட்டிய சட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

அவருக்குத் தெரிந்த வைத்தியம் கொஞ்சம்தான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார். எல்லா வயரையும் கழற்றித் திரும்ப மாட்டுவார். பெட்டியைத் திறந்து உள்ளே ஊதுவார். என்ன ஆச்சரியம், பாதிப் பெட்டி அதிலேயே பிழைத்துக்கொண்டது. மீதிக்கு, மாடிவீட்டு ஆம்ப்ரோஸ் கொடுத்த வைரஸ் ஒழிப்பு சி.டி. இருந்தது. வேலை முடிந்து, சாப்பாடு முடிந்து, கிளம்பும்போது மரியாதைக்கு, "அடுத்த வாரம் வந்து மறுபடி ஒரு தடவை பாத்துடறேன்" என்று சொல்லிவிட்டு வருவார்.

சில்க் போர்டைக் கடந்து வீடு வந்து சேர்ந்தபோது ஆம்ப்ரோஸ் மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அவர் நிஜமாகவே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்.

"இன்னாண்ணே, மூஞ்சி தொங்குது?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை ஆம்ப்ரோஸ்."

"சந்தோஷப்படுங்க."

"உங்களுக்கு ஞாயித்துக்கிழமை. எனக்கு அத்திபெலே."

ஆம்ப்ரோஸ் சிரித்தார். அப்பாதுரை ஒரு படியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆமா, நிஜமா வேலை தெரிஞ்ச ஆளு நீங்க. உங்களை மட்டும் எப்படி யாரும் கூப்பிடறதில்ல?"

"கூப்பிடலியா? மச்சான் கூப்பிட்டான், மாமனார் கூப்பிட்டாரு, சர்ச்சுல பாட்டுக்குழு மாஸ்டர்கூட கூப்பிட்டாரு. அப்புறம்தான் வீட்ல விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டேன். யார் வந்தாலும், ‘விண்டோஸா? அது எனக்கு மறந்தேபோச்சே, லினக்ஸ் வேணா போட்டுத் தரேன்’னு சொல்லுவேன். ஒருத்தன் திரும்பி வரலண்ணே!"

"யாராவது சரி போட்டுக் குடுன்னு சொல்லிட்டா?"

"யாருண்ணே சொல்லுவா? திரையைப் பாத்ததுமே செருப்பைத் தேடுவாங்க."

அப்பாதுரைக்குப் படியிலேயே ஞானம் பிறந்தது. ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு ஓசியில் வந்த லினக்ஸ் சி.டி. ஒன்றை ஆம்ப்ரோஸ் உள்ளே போய் எடுத்துவந்தார். அதை சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு அப்பாதுரை வீட்டுக்குள் நுழைந்தார்.

மரகதம் ஹாலில் காலை நீட்டி அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தாள். சீசன். மர்பி டவுன் பூராவும் அந்த வாசனைதான்.

"மரகதம், ஒரு முக்கியமான விஷயம்."

"உக்காருங்க. பிதுக்கிட்டே சொல்லுங்க." ஊறவைத்த அவரை இருந்த கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

சிங்கம்போல நின்று சொல்ல வேண்டிய விஷயத்தை, சம்மணம் போட்டு அவரை பிதுக்கிக்கொண்டு சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"நான் இனிமே விண்டோஸைத் தொடமாட்டேன். லினக்ஸுக்கு மாறப்போறேன்."

"அது இன்னாது?"

"அது பெரிய சமாச்சாரம். படிக்கிறதுக்கே ஒரு மூளை பத்தாது. அது உள்ள வந்தா பழசு வெளிய போயிடும். அதாவது, விண்டோஸ் எனக்கு மறந்துபோயிடும்."

"சுத்தமாவா?"

"சுத்தமா."

"நம்ம கல்யாண நாள் மறந்துபோன மாதிரியா?"

அப்பாதுரை ஒரு பருப்பைக் கொஞ்சம் பலமாகப் பிதுக்கினார். அது எகிறி டி.வி. மேலே விழுந்தது.

"நாளைக்கு அத்திபெலேக்கு வர்றதா உமேஷ்கிட்ட சொல்லியிருக்கீங்களே" என்றாள் மரகதம்.

"மாமா படிக்கிறாருன்னு சொல்லிடு."

மரகதம் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம், "சரி, சொல்லிடறேன்" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதே கிடையாது. அப்பாதுரைக்கு அது உறைக்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் மீதி அவரையையும் அவரே பிதுக்கிக் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டதும் சி.டி.யைப் போட்டார். இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் போகட்டும், இனி வருகிற ஞாயிறெல்லாம் நம்முடையது என்று மனசைத் தேற்றிக்கொண்டார். எலக்ட்ரானிக் சிட்டிக்காரர் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் அசிங்கம் என்று வாங்கிய பழைய பெட்டி அது. கொஞ்ச நேரம் கொர் கொர் என்றது. அப்புறம், எந்த மொழி வேண்டும் என்று ஒரு பெரிய பட்டியலைக் காட்டியது.

அந்த இடத்தில்தான் அப்பாதுரையின் மூளை அளவுக்கு மீறி வேலை செய்தது. உமேஷ், லட்சுமம்மா, மமதா எல்லாரும் கர்நாடகா பக்கம் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். தமிழில் பேசுவார்கள், தமிழில் சண்டை போடுவார்கள், தமிழில் சத்தியம் பண்ணுவார்கள். படிக்க மட்டும் வராது. தமிழில் போட்டுவிட்டால், வீட்டுக்கே வந்து உட்கார்ந்தாலும் ஒரு ஈ காக்கா இந்தப் பெட்டியை நெருங்காது. ‘தமிழ்’ என்று இருந்த இடத்தில் ஒரே அமுக்கு!

ஒரு சின்னச் சங்கதியை மறந்துவிட்டார். அவரும் அல்சூரில் கன்னட மீடியம்.

திரை முழுக்கத் தமிழ் வந்து நின்றது. அப்பாதுரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். தமிழில் அவர் கடைசியாகப் படித்து முடித்தது பஸ்ஸில் ஒட்டியிருந்த ‘ஓசூர்’ என்ற போர்டு. "தொ... ட... ர..." என்று எழுத்துக் கூட்டினார். அடுத்த வரிக்குப் போவதற்குள் வேர்த்துவிட்டது.

"மரகதம்! கொஞ்சம் இங்க வா. கண்ணு கூசுது."

மரகதம் ஓசூரில் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, திரையை நியூஸ் வாசிக்கிற மாதிரி மடமடவென்று வாசித்தாள்.

"வட்டைப் பாகம் பிரிக்கலாமான்னு கேக்குதுங்க."

"டிஸ்க்கைத்தானே? பிரி பிரி."

"யாருக்கு எவ்வளவு? பாகம் பிரிக்கிறதுன்னா சும்மாவா? எங்க சித்தப்பா வீட்ல பிரிச்சு இன்னி வரைக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

"எல்லாத்தையும் லினக்ஸுக்கே குடு."

"பழைய ஆளுக்கு ஒண்ணும் வேணாமா?"

"ஒண்ணும் வேணாம். அவன் போகட்டும்."

மரகதம் அடுத்ததைப் படித்தாள். "இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?" படித்துவிட்டு நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி நாலரை ஆயிடுச்சு. ராகு காலம்."

"கம்ப்யூட்டருக்கு ஏது மரகதம் ராகு காலம்?"

"அழிக்கிறது நாமதானே? நமக்கு உண்டு. எழுந்திருங்க."

அந்தப் பெட்டி ஒன்றரை மணி நேரம் ‘தொடரலாமா’ என்று கேட்டபடி நின்றது. அப்பாதுரை அதன் எதிரில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். ஆறு மணி அடித்ததும் மரகதம் குங்குமத்தைத் தொட்டு மானிட்டருக்கு ஒரு பொட்டு வைத்து, கை ராசி என்று சொல்லி தானே அமுக்கினாள். விண்டோஸ் போயே போய்விட்டது. திரையில் ஒரு பெங்குயின் வந்து உட்கார்ந்தது.

"இது இன்னா, வாத்தா?"

"பெங்குயின்."

"நல்லா தொப்பை வச்சிருக்கு. சாப்ட்டு எழுந்திருச்ச மூஞ்சி."

அப்பாதுரை அதைப் பொறாமையோடு பார்த்தார். நிம்மதியான பிராணி. அதற்கு மச்சினர் கிடையாது, ஓசூர் ரோடு கிடையாது.

அதற்கப்புறம் ஒரு வாரம் சாயங்காலமெல்லாம் இருவரும் பெட்டி எதிரில்தான். ‘கோப்பு’ என்று ஒன்று மேலே நின்றது. அதைத் தொடலாமா கூடாதா என்று அப்பாதுரை தயங்கினார்.

"கோப்புன்னா ஃபைலுங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கப்பா ஓசூர் தாலுகா ஆபீஸ்ல பியூன். எங்க வீட்ல சோறு இல்லாத நாள் உண்டு, கோப்பு இல்லாத நாள் கிடையாது."

இன்னொரு நாள், ஆம்ப்ரோஸ் சொல்லிக்கொடுத்தபடி ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து ஏதோ ஒரு வரியை அடித்தார். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தார். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு செத்துப்போச்சு என்று முடிவு கட்டி, வயரைப் பிடுங்கினார், மாட்டினார், பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தட்டித் துடைத்தார், ஊதினார். மறுபடி அடித்தார். ஒன்றும் இல்லை. மரகதம் வெங்காயம் உரித்தபடியே சொன்னாள்.

"நீங்க அடிக்கிறது உள்ள போவுதுங்க. வெளிய காட்டல, அவ்ளோதான். ரகசியம்னா அப்படித்தான் இருக்கணும்."

அப்படியே அடித்து எண்டர் தட்டினார். திறந்துகொண்டது. இவள் எப்படி இதெல்லாம் பேசுகிறாள் என்று ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம் விட்டுவிட்டார். பிரிண்டர் ஓடவில்லை, பாட்டு கேட்கவில்லை, இன்டர்நெட் வரவில்லை. எது எது ஓடவில்லையோ அதற்கெல்லாம் அப்பாதுரைக்கு உள்ளூர ஒரே குஷி. எவன் வந்து கேட்பான் இதை?

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது மரகதம் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவரைப் பருப்புக் குழம்பை ஒரு கரண்டி தாராளமாகவே ஊற்றினாள்.

"ஏங்க, இந்த லினக்ஸுக்கு வைரஸ் வருமா?"

"வைரஸா? இதுகிட்டயா? வந்தா பட்டினி கிடந்து சாகும்."

"அப்படியா! அப்ப உமேஷ் கடையில வர்ற ஃப்ளாப்பியெல்லாம் போட்டாலும்?"

"டன் கணக்குல போடட்டுமே!"

"நாம போட்ட சி.டி. ஒரு பெட்டிக்குத்தானா?"

"ஊருக்கே போடலாம் மரகதம். திருட்டு கிடையாது, குத்தம் கிடையாது. போடுங்க, எடுத்துக்குங்கன்னு அவங்களே சொல்றாங்க. அதுதான் இதோட பெருமை."

"பாருங்களேன்." மரகதம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அந்த மொழிப் பட்டியல்ல கன்னடமும் இருந்துச்சு, கவனிச்சேன்."

"எல்லாம் இருக்கும். உலகமே இருக்கும்."

புத்தியுள்ள எந்தப் புருஷனும் இந்த இடத்தில் சுதாரித்திருப்பான். அப்பாதுரை இன்னொரு கை சோறு கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. விரலை நீட்டி, "ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிட்டேன். இந்த ஞாயித்துக்கிழமை யார் கூப்பிட்டாலும் நான் வாசப்படி தாண்டமாட்டேன்" என்றார்.

"சத்தியமா?"

"உன் மேல சத்தியமா."

"சரிங்க. நீங்க ஏன் தாண்டணும்?" என்றாள் மரகதம், மோர் ஊற்றியபடி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அப்பாதுரை பல்கூட நிதானமாக விளக்கினார். பையை எடுத்துக்கொண்டு, "கறி வாங்கிட்டு வரட்டா?" என்று கேட்டார்.

"வேணாம். வரும்."

"எங்கருந்து வரும்?"

"உக்காருங்க. வாசப்படி தாண்டமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க."

மரகதம் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு, அடுப்புப் பக்கமே போகாமல், ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் அப்படி உட்கார்ந்து அப்பாதுரை பார்த்ததில்லை. லேசாக பயம் வந்தது.

வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. உமேஷ் இறங்கினான். இடுப்பில் குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி ஒரு சி.பி.யூ. பின்னாலேயே இன்னொரு ஆட்டோ. லட்சுமம்மாவின் கையில் அடுக்கு கேரியர், அவள் பக்கத்தில் பெட்ஷீட்டில் சுற்றின ஒரு பெட்டி. அதற்குப் பின்னால் மமதா, ஹெப்பகோடியில் பக்கத்துக் கடைக்காரருடையதையும் சேர்த்து இரண்டு பெட்டி. எல்லாம் ஹாலில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் டேப் ஒட்டிப் பேர் எழுதியிருந்தது. மாவு மில்லில் டப்பா வைத்த மாதிரி இருந்தது. அவர் பாய் போடுகிற இடம் சரியாக நிரம்பிப்போயிற்று.

"மாமா, வைரஸே வராதாமே! அக்கா போன்ல சொல்லுச்சு. கன்னடத்துலயே வருதாமே! என் கடைக்கு அதுதான் வேணும்" என்றான் உமேஷ்.

"நீங்க வெளிய வர்றதில்லன்னு விரதம் எடுத்திருக்கீங்களாம். பரவால்ல மாப்ள, நாங்களே கொண்டாந்துட்டோம்" என்றாள் லட்சுமம்மா.

சாப்பாடு பிரமாதம். கேரியரில் கறிக்குழம்பு, உமேஷ் வீட்டிலிருந்து முட்டை, மமதா கொண்டுவந்த கேசரி. அப்பாதுரை பாதியிலேயே எழுந்துவிட்டார். கை கழுவுகிற சாக்கில் மரகதத்தை சமையல்கட்டுக்குள் கூப்பிட்டார்.

"இன்னா மரகதம் இது?"

"நீங்கதானே தாண்டமாட்டேன்னீங்க? அதான் அவங்களைத் தாண்டி வரச் சொன்னேன்."

"எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வேணும் மரகதம். ஒண்ணே ஒண்ணு."

"எனக்கும்தாங்க வேணும்."

அப்பாதுரை இதை எதிர்பார்க்கவில்லை.

"இத்தனை வருஷமா அதே ஓசூர் ரோட்ல, அதே பஸ்ல, உங்க பக்கத்துலதானே நானும் உக்காந்து வந்தேன்? போனதும் உங்களுக்கு ஃபேன் கீழ சேர் போடுவாங்க. எனக்கு எங்க போடுவாங்க? வெங்காயக் கூடை எதிர்ல. ‘வந்துட்டியா மரகதம், வா, இதை ஸ்வல்ப நறுக்கு.’ ‘மாவு ஸ்வல்ப பிசை.’ அந்தக் ‘கொஞ்சம்’ எப்பவும் ஒரு கூடை இருக்கும். போற வீட்லயும் சமையல், வர்ற வீட்லயும் சமையல். இன்னிக்குத்தான் நான் ஆக்காத சோத்தை நான் சாப்பிட்டேன். எவ்ளோ ருசியா இருந்துச்சு தெரியுமா?"

அவள் கண் லேசாகக் கலங்கியிருந்தது. அப்பாதுரைக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவள் அங்கெல்லாம் போய் என்ன செய்கிறாள் என்று அவர் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. சாப்பாடு வந்தது, சாப்பிட்டார்.

"அப்ப எதுக்கு என்னை இழுத்துட்டுப் போனே?" என்றார், குரல் இறங்கி.

"நானா இழுத்தேன்? ஒவ்வொரு தடவையும் ஏப்பம் விட்டுட்டு, ‘அடுத்த வாரம் வந்து பாத்துடறேன்’னு வாக்குக் குடுத்தது யாரு?"

வாக்குக் கொடுத்தது அவர்தான். இருந்தாலும் தூக்கம் போனவனுக்கு ரோஷம் போகாது. அவர் கையில் கடைசியாக ஒரு ஆயுதம் மிச்சம் இருந்தது. மானம் போகும். போனால் போகிறது, ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருமே! அப்பாதுரை விறுவிறுவென்று ஹாலுக்கு வந்து, பெட்டிகளுக்கு நடுவில் நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நான் கம்ப்யூட்டர் இன்ஜினீயர் கிடையாது."

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்பாதுரைக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"எலக்ட்ரானிக் சிட்டிதான். ஆனா ரப்பர் கேஸ்கெட் கம்பெனி. நான் ஸ்டோர்ஸ்ல வளையம் எண்ணுற ஆளு. எனக்கு ஆஃப் பண்ணி ஆன் பண்றதைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. இத்தனை நாளா உங்களை ஏமாத்திட்டேன். மன்னிச்சுக்குங்க. பெட்டியை எடுத்துட்டுப் போயி, தெரிஞ்ச ஆளா பாத்துக் குடுங்க."

சொல்லி முடித்துவிட்டு, விழப்போகிற பேச்சுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் விழவில்லை. திறந்து பார்த்தார். லட்சுமம்மா மமதாவைப் பார்த்தாள். மமதா உமேஷைப் பார்த்தாள். உமேஷ் தலையைச் சொறிந்தான்.

"மாமா... அது தெரியும் மாமா."

"இன்னா தெரியும்?"

"கேஸ்கெட்டு. ஆனேக்கல் கல்யாணத்துலயே அக்கா சொல்லிருச்சு. ‘வளையம் கம்பெனிதான்டா, ஆனா கம்ப்யூட்டர் பத்தி எவனாவது கேட்டா அவருக்கு மூஞ்சியில ஒரு வெளிச்சம் வருது, சும்மானாச்சும் ஒரு தடவை கேட்டு வையி’ன்னு. நான் கேட்டேன். நீங்க நிஜமாவே அடுத்த வாரம் கிளம்பி வந்துட்டீங்க."

அப்பாதுரை லட்சுமம்மாவைப் பார்த்தார்.

"அத்தினி ஆசையா வர்ற மனுஷனை வேணாம்னு எப்படிச் சொல்றது மாப்ள?" என்றாள் அவள் சங்கடத்தோடு. "நான் சில நாள் நல்லா ஓடுற பெட்டியோட வயரைக்கூட உருவி வச்சிருக்கேன், நீங்க வந்து மாட்டுறதுக்கு."

அப்பாதுரை உமேஷுடைய பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த நாற்காலிகள், அந்த ஃபேன், அந்த ஒப்பட்டு எல்லாம் கண் முன்னால் ஓடின. இவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து இவரைக் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கோபம் வருமா என்று பார்த்தார். வரவில்லை. அசதிதான் வந்தது.

"தெரிஞ்சிருந்தும் ஏண்டா இத்தினி பெட்டியைத் தூக்கிட்டு வந்தே?"

"வெளிய குடுத்தா உள்ள இருக்கிறதை மாத்திடுவான் மாமா. நீங்க கெடுத்தாலும் நம்ம ஆளு கெடுத்த மாதிரி இருக்கும். தவிர, ‘நான் பக்கத்துல இருந்து ஒரு தடவை முழுசா பாத்துட்டேன், தப்பு வந்தா என்னை எழுப்புங்க’ன்னு அக்கா சொல்லியிருக்கே."

"எழுப்பவா?"

அப்பாதுரை திரும்பிப் பார்த்தார். உள் ரூமில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவருடைய பாய், அவருடைய தலையணை. எப்போது போய்ப் படுத்தாளோ, மரகதம் சுவர்ப்பக்கம் திரும்பி, போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"உண்மையைச் சொல்லிட்டீங்கல்ல, மனசு லேசாயிருக்கும்" என்றது அவள் குரல், பாதித் தூக்கத்தில். "லட்சுமக்கா பெட்டியை மொதல்ல ஆரம்பிங்க, அவங்களுக்கு ஆனேக்கல் பஸ் போயிடும்."